கலயத்தில் சுண்ணாம்பு இருந்தால் பதநீர், இல்லாவிட்டால் கேஸ்

9 மார்ச் 2025 – அம்பாசமுத்திரம் வாசகர் கேட்டது

எம்.ஏ. சமூகவியல் அஞ்சல் வழியில் படிக்கிறேன். பிறழ்நடத்தை, அதாவது விதி மீறல், என்பது செயலில் இல்லை, அதற்குப் பெயர் வைக்கிறவர்கள் கையில் இருக்கிறது என்று பாடத்தில் வருகிறது. எனக்கு ஒப்பவில்லை. திருட்டு திருட்டுதானே, வெட்டு வெட்டுதானே? அதிகாரம், வர்க்கம், முத்திரை என்று எப்படிச் சுற்றினாலும் கடைசியில் குற்றவாளிக்கு வக்காலத்து வாங்குகிற வேலையாகத்தான் தெரிகிறது. கோர்ட்டுப் பக்கம் புழங்குகிறவர்கள் யாராவது விளக்குங்கள்.

9 மார்ச், இரவு

வக்காலத்து வாங்குவதுதான் எனக்குச் சோறு போடுகிறது, அதனால் நானே ஆரம்பிக்கிறேன்.

நீங்கள் சொல்வது ஹவார்ட் பெக்கர் 1963ல் எழுதியதன் சாரம், முத்திரைக் கோட்பாடு என்பார்கள். சிகாகோச் சமூகவியல்காரர், ஜாஸ் குழுக்களில் பியானோ வாசித்தவர், கஞ்சா புகைக்கிறவர்களை ஆராய்ந்தவர். விதியை மீறுவது ஒன்று, மீறியவன் என்று பெயர் வாங்குவது வேறொன்று என்றார். மீறிய எல்லாரும் பெயர் வாங்குவதில்லை. பெயர் வாங்கிய எல்லாரும் மீறியவர்களும் இல்லை. நடுவில் யார் விழுகிறார்கள், யார் தப்புகிறார்கள் என்று பார்க்கச் சொன்னார், அவ்வளவுதான். வெட்டுப்பட்டவனுக்கு வலிக்காது என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

நம்ம ஊர்க் கணக்கில் சொல்கிறேன். என் அம்மாவைப் பெற்ற தாத்தா திசையன்விளைப் பக்கம் பனையேறி. பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவி, கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பைத் தடவி, பாளையை அதற்குள் விட்டுக் கட்டிவிட்டு இறங்குவார். அந்தத் தடவல் இருந்தால் சாறு புளிக்காது. காலையில் இறக்குவது பதநீர், ஆச்சி அதைக் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவாள். தடவாமல் விட்டால் அதே மரம், அதே பாளை, அதே கலயம், இறங்குவது கள். 1987 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் கள் இறக்கினால் கேஸ். 2003லிருந்து அரசே டாஸ்மாக் கடையில் பிராந்தி விற்கிறது. புளியரை செக்போஸ்ட்டைத் தாண்டிக் கேரளத்துக்குள் போய்விட்டால் கள்ளுக்கடைக்கு போர்டே மாட்டி வைத்து, கப்பையும் மீன்கறியும் போடுகிறார்கள்.

கள் நல்லதா கெட்டதா என்ற பேச்சுக்கு நான் வரவில்லை. குடித்துச் சீரழிந்த குடும்பங்கள் எங்கள் சொந்தத்திலேயே உண்டு. ஆனால் எந்தப் போதை குற்றம், எந்தப் போதை வருமானம் என்று பிரிக்கிற கோடு கலயத்துக்குள் இல்லை. அதைப் போட்டவர்கள் வேறெங்கோ இருக்கிறார்கள்.

11 மார்ச்

வள்ளியூர் நண்பர் கேட்கிறார்: சட்டத்தை யாரோ ஒருவர் போடத்தானே வேண்டும், அதில் என்ன பெரிய கண்டுபிடிப்பு?

பெக்கர் இந்த இடத்தில் கொஞ்சம் மெத்தனம்தான். பெயர் வைப்பதைப் பார்த்தார், பெயர் வைக்கிறவனுக்கு அந்தத் தெம்பு எங்கிருந்து வந்தது என்பதை ஆழமாகத் தோண்டவில்லை. அதைத் தோண்டியது, சட்டத்தை வர்க்க மோதலின் விளைவாகப் பார்க்கும் முரண்பாட்டுக் கோட்பாட்டுக்காரர்கள். வில்லியம் சாம்ப்ளிஸ் 1964ல் இங்கிலாந்தின் நாடோடிச் சட்டங்களை எடுத்துப் பார்த்தார். கொள்ளைநோயில் கூலியாட்கள் செத்து விழுந்து, மிஞ்சியவர்கள் கூடுதல் கூலி கேட்டு ஊர் விட்டு ஊர் போக ஆரம்பித்த சமயத்தில், 1349ல்தான் முதல் சட்டம் வருகிறது. உடம்பில் தெம்புள்ளவன் வேலை செய்யாமல் அலைவது குற்றமானது. நிலக்காரனுக்கு மலிவாக ஆள் வேண்டியிருந்தது.

சாம்ப்ளிஸுக்கும் ரொம்ப முன்னால், 1842ல் மார்க்ஸ், இருபத்துநாலு வயதுப் பத்திரிகைக்காரராக, ரைன் பகுதிச் சட்டமன்றத்தில் விறகுத் திருட்டு பற்றி நடந்த விவாதத்தை எழுதினார். காட்டில் தானாக விழுந்த சுள்ளியைப் பொறுக்குவது ஏழைகளின் வழக்கம். அதைத் திருட்டு என்று எழுதிவிட்டார்கள். களக்காட்டிலும் சிவசைலத்திலும் மலையடிவாரத்துப் பெண்களிடம் இதைச் சொன்னால் பாடமே வேண்டாம், பிடித்துக்கொள்வார்கள். 1988ல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் வந்தபின் தலைச்சுமை விறகுக்கு என்ன பெயர் வந்தது என்பது அவர்களுக்குத் தெரியும். புலி வேண்டாம் என்று சொல்லவில்லை. தாமிரபரணிக்குத் தண்ணீர் அந்தக் காட்டிலிருந்துதான் வருகிறது. ஆனால் அடுப்புக்கு வேறு வழி வருவதற்கு ரொம்ப முன்னாலேயே, சுமந்தவளுக்குக் குற்றவாளி என்ற பெயர் வந்து சேர்ந்துவிட்டது.

12 மார்ச்

"மார்க்ஸ் வந்துட்டாரா, அப்ப இழை முடிஞ்சுது" என்று எழுதியவருக்கு: இன்னும் இலையே போடலை வே.

20 மார்ச்

சட்டத்துக்குள் பெயர்கள் எப்படி ஏறுகின்றன என்பதற்குக் கையில் இருக்கிற உதாரணம் நம்ம குண்டர் சட்டம். 1982ம் வருஷத்து 14ம் சட்டம். ஒரு வருஷம் வரை விசாரணை இல்லாமல் உள்ளே வைக்கலாம். அதன் முழுப் பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். சாராயக்காரர், குண்டர், குடிசைப் பகுதி அபகரிப்பாளர் என்று தொடங்கியது. 2004ல் திருட்டு வீடியோக்காரர் உள்ளே வந்தார். சினிமாத் துறையின் குரல் கோட்டையில் கேட்டது, சட்டத்தில் ஒரு வார்த்தை கூடியது. பெக்கர் இப்படிப்பட்டவர்களை ஒழுக்கத் தொழில்முனைவோர் என்பார். விதியை உண்டாக்குவதையே வேலையாக எடுத்துக்கொண்டு அலைகிறவர்கள்.

மணல் குற்றவாளியும் அந்தப் பட்டியலில் உண்டு. ராத்திரி ஆற்றில் மாட்டுவண்டியோடு பிடிபட்டவனுக்கு நான் ஆஜராகியிருக்கிறேன். மாடு ஸ்டேஷன் வாசலில் நின்று சாணி போட்டுக்கொண்டிருந்தது, அதற்கு வைக்கோல் யார் போடுவது என்று ஏட்டுக்கும் அவன் பெண்டாட்டிக்கும் வாக்குவாதம். இன்னொரு பக்கம், நம்ம கடற்கரையில் கார்னெட்டும் இல்மனைட்டும் அள்ளிய கதை. தாதுமணல் எடுப்பதற்கு 2013ல் அரசு தடை போட்டது. ஆய்வு, அறிக்கை, வழக்கு, மேல்வழக்கு என்று போய், சி.பி.ஐ. விசாரிக்கட்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது போன மாசம், 2025 பிப்ரவரியில். அந்த உத்தரவில் பேசப்படும் தொகை ஆயிரக்கணக்கான கோடி. எட்வின் சதர்லாண்ட் 1939லேயே இதைச் சொல்லிவிட்டார்: கோட்டுப் போட்டவர்களின் குற்றம் வேறு அலுவலகங்களில், வேறு பெயர்களில், நோட்டீசும் அபராதமுமாக முடிகிறது, அதனால் குற்றக் கணக்கிலேயே ஏறுவதில்லை. மாட்டுவண்டிக்காரன் ஏறிவிடுகிறான்.

6 ஏப்ரல்

கேள்வி கேட்ட அம்பாசமுத்திரம்காரர், சரி, பெயர் வைத்தால் வைத்துவிட்டுப் போகட்டும், யோக்கியனாக இருந்தால் பெயர் உதிர்ந்துவிடுமே என்கிறார். உதிராது. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், ஏனென்றால் நான் கண்ணால் பார்ப்பது இதைத்தான்.

சித்திரை பிறக்கப் போகிறது, கொடைகள், அதாவது ஊர்க் கோயில் திருவிழாக்கள், வரிசையாக வரும். அதற்கு முன் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ரவுடி லிஸ்ட்டை எடுத்துவைத்து ஆட்களை ஆர்.டி.ஓ. முன்னால் நிறுத்தி, நன்னடத்தைக்கு எழுதி வாங்குவார்கள். நாங்கள் இன்னும் 107, 110 என்றுதான் சொல்கிறோம், போன வருஷம் ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் 126, 129. அந்த வரிசையில் ஒரு பையன். கல்லூரி முதல் வருஷம் படிக்கும்போது கொடையில் நடந்த அடிதடியில் பதினைந்து பேரோடு சேர்ந்து அவன் பெயரும் போனது. வழக்கு விடுதலையில் முடிந்தது. ஆனால் அதற்குள் அவனுக்கு எச்.எஸ்., அதாவது ஸ்டேஷனில் ரவுடி என்று வைக்கிற ஹிஸ்டரி ஷீட், ஓப்பன் பண்ணிவிட்டார்கள். அதற்கப்புறம் கொடை, தேர்தல், தலைவர் வருகை, எது வந்தாலும் வாசலில் போலீஸ். ஜவுளிக்கடையில் வேலைக்கு நின்றான், கடைக்கே விசாரிக்க வந்தார்கள், முதலாளி கணக்கு முடித்துவிட்டார். பெண் கேட்டுப் போன இடத்தில் ஸ்டேஷனில் விசாரித்தார்களாம். அவனை மதித்து டீ வாங்கிக் கொடுத்தவர்கள் அதே லிஸ்டில் இருந்த மற்றவர்கள்தான். இரண்டாவது கேஸ் வந்தது, அது நிஜமான கேஸ். அதில் நான் ஜாமீன் போட்டபோது மேலிருந்து வந்த முதல் கேள்வி, "முன் வழக்கு உண்டா?"

எட்வின் லெமர்ட் 1951ல் இதை முதல்நிலைப் பிறழ்வு, இரண்டாம்நிலைப் பிறழ்வு என்று பிரித்தார். முதலாவது யார் வேண்டுமானாலும் செய்வது, பல காரணத்தால் நடப்பது. இரண்டாவது, ஊரும் அரசும் அவனை நடத்திய விதத்துக்கு அவன் கொடுக்கிற பதில், அப்புறம் அதுவே அவன் ஆளாகிவிடுவது. நான் அவனுக்கு வக்காலத்து வாங்கியதால் சொல்லவில்லை. இரண்டாவது கேஸில் அடிபட்டவருக்குக் கையில் கம்பி வைத்திருக்கிறது, அதையும் பார்த்தேன்.

7 ஏப்ரல்

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. அந்தப் பதினைந்து பேரில் ஒரு காண்ட்ராக்டர் மகனும் இருந்தான். குற்றப்பத்திரிகையில் அவன் இல்லை. "விளையாட்டுப் புத்தி, படிக்கிற பையன்" என்று அனுப்பிவிட்டார்கள். எங்கள் ஆளும் படிக்கிற பையன்தான்.

சாம்ப்ளிஸ் 1973ல் ஒரே பள்ளியின் இரண்டு பையன்கள் கூட்டத்தைப் பற்றி எழுதினார். எட்டுப் பேர் வசதியான வீட்டுப் பிள்ளைகள், ஆறு பேர் ஏழை வீடு. இரண்டு கூட்டமும் குடித்தது, சேட்டை செய்தது. எட்டில் ஒருவன் கூடக் கைதாகவில்லை. அவர்களிடம் கார் இருந்தது, ஊருக்கு வெளியே போய்ச் செய்தார்கள், பிடிபட்டால் பணிவாகப் பேசத் தெரிந்தது. நம்ம ஊர் ஸ்டேஷனில் காரைப் பற்றிக் கேட்பதற்கு முன் இன்னொன்று கேட்பார்கள்: "எந்தத் தெரு?"

2 மே

வ.உ.சி., வாஞ்சி, கட்டபொம்மன் என்று மூன்று பேர் அடுத்தடுத்து எழுதியிருக்கிறீர்கள். சரிதான். 1799ல் கயத்தாற்றில் தூக்கு, இன்று சிலை. 1908ல் ராஜத்துரோகி, இன்று துறைமுகத்துக்கே அவர் பெயர். 1911ல் கொலைகாரன், இன்று மணியாச்சி ஸ்டேஷன் போர்டில் வாஞ்சி. ஆட்சி மாறினால் முத்திரையும் மாறும். ஆனால் இது சுலபமான உதாரணம். கேட்கிற எல்லாருமே ஏற்கெனவே நம் பக்கம்.

எனக்கு இவர்களைவிடச் செம்புலிங்கம்தான் சுவாரசியம். நாங்குநேரிக்குத் தெற்கே 1920களில் கொள்ளைக்காரன் என்று போலீஸ் தேடியவர். பணக்காரனிடம் பிடுங்கி ஏழைக்குக் கொடுத்தார் என்று ஊர் பாடியது. டோனாவூரில் இருந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் அவரை நேரில் பார்த்துப் பேசி, அவரைப் பற்றிப் புத்தகமே எழுதினார். 1923ல் போலீஸ் அவரைக் கொன்றது. கதைப்பாடல்கள் அச்சாகிச் சந்தையில் விற்றன. ஹாப்ஸ்பாம் என்ற வரலாற்றாசிரியர் இப்படிப்பட்டவர்களைச் சமூகக் கொள்ளையர் என்று தனி வகையாக்கினார்: அரசுக்குக் குற்றவாளி, தன் மக்களுக்கு வீரன்.

தன் மக்கள் என்றால் யார்? இதுதான் என்னைக் குடைகிறது. ஆட்சி மாறவே இல்லை, அந்தக் காலத்திலேயே ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் ஓடியிருக்கிறது. பெக்கரையும் மார்க்ஸையும் சேர்த்து வைத்தாலும் இது முழுசாகப் பிடிபடவில்லை. யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

18 மே

யோசித்தது இது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பெயர் வைக்கிற பதிவேடு முக்கால்வாசி ஒன்றே: அரசின் கையில் இருப்பது. அதை ஒட்டியே கோட்பாடும் வளர்ந்தது. மேலே போலீஸ், கோர்ட், பத்திரிகை. கீழே முத்திரை வாங்குகிறவன். திருநெல்வேலிச் சீமையில் பதிவேடு இரண்டு. ஒன்று ஸ்டேஷனில். இன்னொன்று ஊர் வரிதாரர் நோட்டு.

வெளியூர்க்காரர்களுக்காக: கொடை வந்தால் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். ஒரு வீட்டில் வரி வாங்க மாட்டோம் என்றால் அவர்கள் ஊரில் இல்லை என்று அர்த்தம். பணம் மிச்சம் என்று யாரும் சந்தோஷப்பட்டுப் பார்த்ததில்லை. நல்லது கெட்டதுக்கு ஆள் வராது, திருநீறு கைக்கு வராது. எதற்காக விலக்குவார்கள்? மகள் வேறு சாதியில் கல்யாணம் பண்ணிக்கொண்டால். கோர்ட்டில் ஊருக்கு எதிராகச் சாட்சி சொன்னால். ஸ்டேஷன் பதிவேட்டில் இவர்கள் பெயர் சுத்தம். நான் மேலே எழுதிய எச்.எஸ். பையன் வீட்டில் வரி வாங்குகிறார்கள், முன்வரிசையில் மரியாதையும் உண்டு.

சரித்திரத்திலும் இதே குழப்பம்தான். குற்றப் பரம்பரைச் சட்டம் 1871ல் வடக்கே தொடங்கி, 1911ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம்ம பக்கம் கைரேகைச் சட்டம் என்பார்கள். ஒரு சாதியில் பிறந்தால் போதும், ஸ்டேஷனில் ரேகை வைத்து, ராத்திரி தங்குமிடத்தைச் சொல்ல வேண்டும். முத்திரைக் கோட்பாட்டுக்கு உலகத்திலேயே இதைவிட அப்பட்டமான உதாரணம் கிடைக்காது. 1952ல் நாடு முழுக்க ரத்து. அதற்கு முன்னமே 1948ல் இங்கே வழக்கக் குற்றவாளிகள் சட்டம் வந்துவிட்டது, பாட்டில் புதுசு. அதே சமயம், அந்தச் சட்டத்தில் மாட்டியவர்களில் மறவர்கள் முன்பு ஊர்க்காவல் வைத்திருந்தவர்கள். காவல் கூலி வாங்குவார்கள், களவு போன மாட்டைக் கண்டுபிடித்துக் கொடுக்கத் துப்புக்கூலி வாங்குவார்கள். கூலி கொடுக்காத ஊரில் மாடு காணாமல் போகும் என்பதும் கதையில் உண்டு. வெள்ளைக்காரன் பேரேட்டில் அடிமட்டம், ஊருக்குள் அப்படி இல்லை. அவன் குத்திய முத்திரை கொடுமைதான், அதனால் அவர்களுக்குக் கீழே வைக்கப்பட்டவர்கள் பட்டது இல்லாமல் போகாது.

1973ல், அதிகாரத்தைக் கேள்வி கேட்கும் விமர்சனக் குற்றவியலுக்குக் கொடி பிடித்த மூவரில் ஒருவரான ஜாக் யங், 1984ல் ஜான் லீயோடு சேர்ந்து கொஞ்சம் திரும்பிப் பார்த்தார். ஏழையின் குற்றத்தில் முதலில் அடிபடுகிறவனும் ஏழைதான், அவனை மறந்துவிட்டு என்ன இடதுசாரி ஆய்வு என்று கேட்டார். அம்பாசமுத்திரம் நண்பரே, உங்கள் முதல் கேள்விக்கு ஆதரவாக அந்தப் பக்கத்திலிருந்தே ஒரு குரல் உண்டு, பரீட்சைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

19 மே

"இரண்டு இல்லை அண்ணாச்சி, மூணு, வாட்ஸ்அப் குரூப் ஒண்ணு இருக்கு" என்று சுரண்டையிலிருந்து ஒரு தம்பி. ஒப்புக்கொள்கிறேன். அட்மின் யார் என்பதைப் பொறுத்து.

8 ஜூன்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, மாணவர்கள் சாதிக்கொரு நிறத்தில் கட்டுகிற கைக்கயிறு பற்றிய பேச்சும் திறந்துவிட்டது. ஸ்டான்லி கோஹன் 1972ல் சொன்ன ஒழுக்கப் பீதியா இது என்று ஒருவர் கேட்கிறார். இங்கிலாந்தில் 1964 ஈஸ்டருக்குக் கடற்கரையில் இளைஞர்கள் செய்த சில்லறைக் கலாட்டாவைப் பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்கியதைப் பற்றியது அவர் ஆய்வு. இங்கே ஊதவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்தது பீதி அல்ல, சாதி வன்மத்தில் வீடு புகுந்து மாணவனை வெட்டியது. ஆனால் அதன் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கயிற்றைத் தடுப்பது பல பரிந்துரைகளில் ஒன்றுதான். ஒரு பகுதியில் பெரும்பான்மையாக இருக்கும் சாதியைச் சேர்ந்தவரை அங்கேயே தலைமையாசிரியராகவும் கல்வி அதிகாரியாகவும் போடாதே என்பதும் அதில் இருக்கிறது. டீக்கடையில் எதைப் பேசினோம்? கயிற்றை. பையன் மணிக்கட்டு கண்ணுக்குத் தெரிகிறது, நாற்காலி தெரிவதில்லை.

23 ஜூலை

இன்று கொக்கிரகுளம் ஆற்றங்கரையில் மலர் தூவுகிறார்கள். 1999ல் மாஞ்சோலைத் தொழிலாளர் கோரிக்கைக்காக ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்த ஊர்வலத்தில் தடியடி நடந்து, ஆற்றுக்குள் 17 பேர் செத்துப்போனார்கள். விசாரணைக் கமிஷன் நீரில் மூழ்கியதைத்தான் பெரிதாகச் சொன்னது. ஸ்டூவர்ட் ஹாலும் கூட்டாளிகளும் 1978ல் சொன்னது: ஒரு நிகழ்ச்சிக்கு முதல் விளக்கம் கொடுக்கும் இடம் அதிகாரத்துக்குத்தான் கிடைக்கிறது, மற்றவர்கள் அதற்குப் பதில் சொல்லும் இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். இருபத்தாறு வருஷமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்று, இதோடு சேராதது. சிறைகளில் சாதிப் பாகுபாடு பற்றி உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 3ல் கொடுத்த தீர்ப்பில் பாளையங்கோட்டை மத்திய சிறையும் பேசப்பட்டது, சாதிவாரியாகத் தனித்தனிப் பகுதி என்று. ஃபூக்கோ சிறையைப் பற்றி எழுதும்போது, ஆளை ஊரிலிருந்து பிரித்து, தனி அறையில் போட்டு, புது மனுஷனாக வார்க்கப் பார்க்கும் இயந்திரம் என்கிறார். இங்கே ஊரையே கூட உள்ளே கொண்டுபோயிருக்கிறோம்.

25 ஜூலை

நேற்று ஆடி அமாவாசை, காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போய்வந்தோம். கூட்டத்தில் சட்டை கிழிந்தது. அதை விடுங்கள், அங்கே இருக்கிற பட்டவராயன் சன்னதிதான் இந்த இழைக்கு வேண்டியது.

கதை தெரியாதவர்களுக்கு: முத்துப்பட்டன் பிராமணப் பையன். ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் விரும்பி, பூணூலை அறுத்துப்போட்டு, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு கல்யாணம் பண்ணிக்கொள்கிறான். மாட்டுக் கிடைக்குக் காவல் போய், திருடர்களோடு சண்டையிட்டுச் சாகிறான். தெய்வமாகிறான். ஊர்ப் பதிவேட்டுப்படி இதைவிடப் பெரிய பிறழ்வு கிடையாது.

நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை இந்தக் கதைப்பாடலை ஆராய்ந்தபோது ஒன்றைக் காட்டினார். பிற்காலத்தில் ஒரு முன்கதையை ஒட்டியிருக்கிறார்கள்: அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணப் பெண்கள், பகடை எடுத்து வளர்த்தவர். ஆக, யாரும் எதையும் மீறவே இல்லை! கொல்லவோ விலக்கவோ முடியாத அளவுக்கு ஒருவன் தெய்வமாகிவிட்டால், அவன் செய்த மீறலை மட்டும் கழற்றி எடுத்துவிடலாம். இத்தாலிய மார்க்சியர் கிராம்ஷி மேலாதிக்கம் என்று சொன்னது இந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. லத்தி இல்லை, கேஸ் இல்லை, பக்தியாகக் கேட்டுத் தலையாட்டுகிறவர்கள் வாயாலேயே ஒப்புதல் வாங்கியாகிறது. ஆனாலும் ஒட்டு முழுசாக ஒட்டவில்லை. பட்டவராயனுக்கு நேர்ச்சை இன்றைக்கும் தோல் செருப்புதான். நேற்றும் குவிந்து கிடந்தது.

முன்கதையோடு பாடுகிறார்களா இல்லாமலா என்று தென்காசி அக்கா கேட்டிருந்தார்கள். வில்லுப்பாட்டுக்காரர் ஒருவரிடம் கேட்டேன். இரண்டும் அவருக்குப் பாடம். கொடை யாருடையது, முன்பணம் கொடுத்தவர் யார் என்று பார்த்துத்தான் எதை எடுப்பது என்று முடிவு செய்வாராம். "எல்லாம் ஒரே ராகம்தான் சார், ஆரம்பத்துல ஒரு அரை மணி நேரம் கூடும் குறையும்" என்றார்.